அண்டாவுக்குள் போன ஆடிக்கூழ்

தலைக்கு மை பூச ஒரு வாரம் மறந்தால் ஊருக்கே வயது தெரிந்துவிடுகிற இடத்துக்கு நாமெல்லாம் வந்து சேர்ந்துவிட்டோம். கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் ஒரே குழாயடியில் குடத்தோடு சண்டை போட்ட பிள்ளைகள் நாம். இன்றைக்கு ஒருத்தி காக்களூரில் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒருத்தன் எளாவூர் செக்போஸ்ட் பக்கம் டயர் கடை வைத்திருக்கிறான். மிச்சப் பேர் பனி கொட்டுகிற தேசங்களில். ஆனி மாதக் கடைசி வந்துவிட்டால் போதும், எல்லாருக்கும் என் நம்பர் ஞாபகம் வந்துவிடும். "கூழுக்குப் பயறு வறுத்துப் போடுறதா, அவிச்சுப் போடுறதா?" "மா உருண்டை கரைஞ்சு போகுதடி, என்ன செய்ய?" "பனங்கட்டிக்குப் பதிலா சீனி போட்டா என்ன?" சீனி என்று கேட்டவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. அவள் யாரென்று அவளுக்கே தெரியும்.

தனித்தனியாகப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து, எங்கள் வீட்டில் இந்த மண்ணில் முதன்முதலாக ஆடிக்கூழ் காய்ச்சிய கதையைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு அங்கே நின்றீர்கள். ஆனால் நின்ற இடத்துக்குத் தக்கபடிதானே ஞாபகமும் இருக்கும்? இது எங்கள் வாசலில் நின்று பார்த்தது.

இந்தப் பக்கத்துப் பெண்ணையோ பிள்ளையையோ கட்டிக்கொண்டவர்கள் வீட்டிலும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் ஆடி பிறக்கிற அன்று வீட்டுக்கு வீடு கூழ் காய்ச்சுவோம். அது இனிப்புக் கூழ். அரிசி மா, வறுத்த பயறு, தேங்காய்ப் பால், பனங்கட்டி. பனங்கட்டி என்றால் இங்கே பனைவெல்லம் என்கிறார்களே, அதுதான். குழைத்த மாவைச் சுண்டைக்காய் அளவுக்கு உருட்டிப் போடுவோம். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போடுவோம், அதைச் சொட்டு என்போம். கடைசியில் மிளகும் சீரகமும் இடித்துத் தூவினால் ஒரு வாசம் எழும்பும் பாருங்கள், தூங்குகிற பிள்ளை எழுந்து உட்காரும். அதைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பது மரியாதையில்லை. பலா இலையைச் சுருட்டி ஈர்க்குச்சியால் குத்திக் குழிவாகக் கோலி, அதில் அள்ளித்தான் குடிக்க வேண்டும். இலையின் பச்சை வாசமும் சூடும் சேர்ந்து மூக்கில் ஏறும்போதுதான் அது ஆடிப்பிறப்பு.

நாங்கள் வந்து சேர்ந்தபோது பங்குனி வெயில். கடலைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, அது உங்கள் எல்லாருக்கும் தெரிந்த கடல். முகாமில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஓர் அறை. தகரக் கூரை பகலெல்லாம் காய்ந்து மாலையில் 'டிக் டிக்' என்று சத்தம் போடும். அந்தப் பக்கம் தொழிற்பேட்டை. இரும்பு உருக்குகிற ஆலைகளின் புகை காற்றில் திரும்பினால் நாக்கில் துருப்பிடித்த ஆணியை வைத்த மாதிரி இருக்கும். அம்மா, அப்பா, நான், எனக்கு மூன்று வயது இளைய தம்பி. அவ்வளவுதான் குடும்பம்.

அப்பா ஒரு சாமானும் வாங்க விடமாட்டார். கொண்டுவந்த பையைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. வேண்டியதை எடுத்துவிட்டு மறுபடி முடிச்சுப் போட்டு வைப்பார். அம்மா ஒரு பெரிய பானை வேண்டும் என்று கேட்டால் உடனே வரும் பதில்: "இஞ்சரும், அடுத்த ஆடிக்கு நாங்கள் ஊரில நிப்பம். போகேக்க பானையை ஆர் சுமக்கிறது?"

அப்பா மட்டுமா சொன்னார்? வேப்பமரத்தடியில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள். ஒருத்தர் ஆவணி என்பார், ஒருத்தர் தைப்பொங்கல் என்பார், அவ்வளவுதான் வித்தியாசம். படித்தவர்கள், ஊரில் நாலு பேருக்கு யோசனை சொன்னவர்கள். இன்றைக்கு நினைத்தால் அவர்கள் மேல் கோபம் வரவில்லை. நம்பாமல் அந்தக் கூரையின் கீழ் ஒரு பகலைத் தாண்ட முடியாது என்பது இப்போது எனக்கு விளங்குகிறது.

அம்மா மட்டும் அந்தப் பேச்சில் சேரமாட்டார். வந்த இரண்டாவது மாதமே பெரிய ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்த நாஷ்டாக் கடைக்கு மாவாட்டப் போய்விட்டார். தொழிற்பேட்டைக்குப் போகிறவர்களும் லாரிக்காரர்களும் இட்லி தின்னுகிற கடை. கடைக்காரி புருஷனை இழந்தவர், குரல் மட்டும் நாலு ஆளுக்குப் போதும். கஷ்டம் எதுவானாலும் அவருக்கு அது 'பேஜாரு'தான். உளுந்து பொங்காவிட்டால் சின்ன பேஜாரு, மழை வந்தால் நடு பேஜாரு, பெரியபாளையத்துக்கு நடந்து போகிறவர்கள் கூட்டமாக வந்து ஒரே நேரத்தில் டீ கேட்டால் படா பேஜாரு.

முதல் நாள் நான் அவரை நம்மூர் வழக்கப்படி "மாமி" என்று கூப்பிட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா, என்னைப் பாத்தா அய்யரூட்டம்மா மேரி கீதா? கருவாடு வாசன வர்ல? அத்தன்னு கூப்புடு."

அன்றிலிருந்து அத்தைதான். அம்மாவுக்கு அவர் 'அக்கா'. அம்மா பேசுவதில் பாதி அத்தைக்குப் புரியாது, அத்தை பேசுவதில் முக்கால் அம்மாவுக்குப் புரியாது. ஆனாலும் இரண்டு பேரும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

ஆனி பாதியில் ஒருநாள் அம்மா சேலை மூட்டையின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து எனக்கு முன்னால் பிரித்தார். உள்ளே பனங்கட்டிக் குட்டான்கள். பனை ஓலையில் உள்ளங்கை அளவுக்குப் பின்னிய சின்னப் பெட்டி, அதற்குள் ஊற்றி இறுகவைத்த கட்டி. பெட்டியோடேயே விற்பார்கள். படகில் உப்புத் தண்ணீர் பட்டு ஓலை கறுத்துப் போயிருந்தது. கட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் மூக்கில் வைத்தேன். கருகிய இனிப்பும் பனை ஓலையும் கலந்த வாசம். இந்தக் குட்டானை இப்போது எங்கே தேடினாலும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் அனுப்பி வைத்தால் புண்ணியம்.

அப்பா பார்த்துவிட்டார். "இதையோ கட்டிக்கொண்டு வந்தனீர்? அந்த இடத்தில என்ர சேட்டு ரெண்டு வந்திருக்குமே."

"போன ஆடிப்பிறப்புக்கு நாங்கள் பள்ளிக்கூடத்து விறாந்தையில படுத்திருந்தம். அண்டைக்குக் கூழ் இல்லை," என்றார் அம்மா. "கலியாணம் கட்டி வந்த நாளில இருந்து விட்டது அது ஒண்டுதான். இந்த முறையும் விட்டா, விட்டதுதான் பழக்கமாகும். பிறகு இந்தப் பிள்ளையளுக்கு ஆடிப்பிறப்பு எண்டு ஒண்டு இருந்ததே தெரியாமப் போகும். நான் காய்ச்சத்தான் போறன்."

அப்பா தடுக்கவில்லை. ஆனால் பானை வாங்கவும் இல்லை.

பலா இலை தேடுகிற வேலை எனக்கும் உங்களில் மூன்று பேருக்கும் வந்தது. முகாமைச் சுற்றிக் கருவேலமும் வேம்பும்தான். தொழிற்பேட்டைக்குள் ஒரு கம்பெனியின் ஆபீசர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸில் ஒரு பலாமரம் இருக்கிறது என்று கண்டுபிடித்தது யார் என்பதில் இன்றுவரை தகராறு. சுவர் ஏறியது நான் என்பதில் தகராறு இல்லை, முழங்காலில் தழும்பு இருக்கிறது. கீழே இறங்கும்போது வாட்ச்மேன் காலடியிலேயே விழுந்தேன்.

"ஏ பொண்ணு, பழத்தத் திருடுவாங்க, பாத்துகிறேன். காயத் திருடுவாங்க, பாத்துகிறேன். நீ இன்னாடீ எலையத் திருடிக்கினு போற?"

"கூழ் குடிக்க."

"எலையிலியா?" அவர் நம்பவில்லை. நான் ஓர் இலையைச் சுருட்டி, கையிலிருந்த ஈர்க்குச்சியால் குத்திக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோ பார்றா! இத்த வெச்சிக்கினு டீ கூட குடிக்கலாம் போலகீதே." அவரே தொரட்டியை எடுத்துவந்து நல்ல இலையாக வளைத்துக் கொடுத்தார். அதோடு, "எனக்கும் ஒரு எல குடு, எங்க ஊட்டுக்காரிகிட்ட காட்டறேன்," என்று ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பானையை அத்தை கொடுத்தார். கடையில் சோறு வடிக்கிற நல்ல கனத்த மண்பானை. கொடுக்கும்போது ஒரு நிபந்தனை.

"தோ பாரும்மா. என் பானைல ஆடில எது காச்சினாலும் மொதல்ல அம்மன் கோயிலுக்குப் போவணும். அதான் எங்க ஊட்டு வழக்கம். அப்பால நீ துன்னு, தூக்கிப் போடு, நான் கேக்க மாட்டேன்."

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நம்மூரிலும் முதலில் சாமிக்குப் படைத்துவிட்டுத்தானே குடிப்போம்? பானையைச் சாமிக்கு முன்னால் வைத்து, கற்பூரம் காட்டி, கும்பிட்டுவிட்டுத் திரும்பத் தூக்கிக்கொண்டு வருவோம். இங்கேயும் அப்படித்தான் என்று அம்மா நினைத்துக்கொண்டார். அத்தையும் அதற்கு மேல் ஒன்றும் விளக்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததை யார் விளக்குவார்கள்?

அந்த வருஷம் ஆடி முதல் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. விடிய முன்னமே அம்மா தலைமுழுகிவிட்டு மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினார். பயறு வறுபட்டது. தேங்காய் துருவி முதல் பால், இரண்டாம் பால் என்று பிழிந்தது நான். மா உருண்டை உருட்டியது தம்பி. அவன் உருட்டியதில் பாதி கோலிக்குண்டு அளவு. குட்டான்கள் அத்தனையையும் அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து, கட்டியைப் பானைக்குள் போட்டுவிட்டு ஓலைப்பெட்டியை அடுப்பில் போட்டார். பக்கத்து அறைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. "எடி, ஆடிக்கூழ் மணக்குது," என்று யாரோ ஒரு பெண் சொல்லிவிட்டு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தை நான் மறக்கவில்லை. குடிக்கக் கேட்கவில்லை, வாசம் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

அப்பா பாயில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

பானையின் கழுத்தில் அத்தை சொன்னபடி வேப்பிலை கட்டி, சும்மாடு வைத்து அம்மா தலையில் தூக்கிக்கொண்டார். நானும் தம்பியும் பின்னால். கோயிலில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. மஞ்சள் சேலை கட்டிய பெண்கள் குடம் குடமாக, தூக்குத் தூக்காக வரிசையில் நின்றார்கள். அம்மா பெருமையோடு அந்த வரிசையில் போய் நின்றார். இந்த ஊருக்கு வந்த பிறகு ரேஷன் வரிசையும் கையெழுத்து வரிசையும் தவிர அவர் நின்ற முதல் வரிசை அது.

வரிசையின் முனையில் என்ன நடக்கிறது என்பது கூட்டத்தில் எங்களுக்குத் தெரியவில்லை. அங்கே என் நெஞ்சு உயரத்துக்கு ஓர் அண்டா. அதன் பக்கத்தில் நின்ற கோயில் இளைஞர் ஒவ்வொரு பானையாக வாங்கி அண்டாவில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீட்டிலும் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ், மோர் விட்டுக் கரைத்தது, சின்ன வெங்காயம் போட்டது, எல்லாம் ஒன்றாகி ஒரே கூழாகும். அதுதான் அம்மன் கூழ். பிறகு எல்லாருக்கும் அதிலிருந்து ஊற்றுவார்கள். தனி வீட்டுக் கூழ் என்று அங்கே ஒன்று கிடையாது.

அம்மா முன்னால் போனார். சாமிக்கு முன்னால் வைக்கத்தான் வாங்குகிறார் என்று நினைத்து இரண்டு கையாலும் பானையை நீட்டினார். அந்த இளைஞர் வாங்கினார். கவிழ்த்தார். வெறும் பானையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அடுத்தது வாம்மா," என்றார்.

அவ்வளவுதான் நேரம். கருஞ்சிவப்பான கேழ்வரகுக் கூழின் மேல் எங்கள் தேங்காய்ப் பால் ஒரு வெளிறிய வட்டமாகப் பரவியது. தம்பி உருட்டிய பெரிய மா உருண்டைகள் இரண்டு மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு அமிழ்ந்தன. அம்மாவின் கைகள் நீட்டியபடியே நின்றன.

"ஐயோ தம்பி, அது… அது எங்கட…"

"இன்னாம்மா?"

நான்தான் கத்தினேன், "அதில பனங்கட்டி போட்டிருக்கு!" என்று. யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தவர் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டார். அவர் முகம் போன போக்கை நான் எப்படி எழுதுவது? மோர்க் கூழில் வெல்லம் விழுந்தால் எப்படி இருக்கும்?

"டேய், எவண்டா கூழுல சக்கரையப் போட்டது?"

"இதோ இந்தம்மா. கேம்ப்பு."

வரிசை முழுக்கத் திரும்பியது. எத்தனையோ வீட்டுக்காரர்கள் வேண்டுதலுக்குக் காய்ச்சிக் கொண்டுவந்த கூழ். அதைக் கெடுத்தவள் நேற்று வந்த ஒருத்தி. அம்மா வெறும் பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். இந்த ஊரில் எங்களை இருக்கவிடுவார்களா என்று அந்தச் சின்ன வயதிலேயே யோசித்தேன்.

அப்போதுதான் வரிசையைப் பிளந்துகொண்டு அத்தையின் குரல் வந்தது, பின்னாலேயே அத்தையும் வந்தார்.

"யார்ரா அவன் கவுத்தவன்? கண்ணு இன்னா முதுகுலியா கீது? வெளுப்பா கீதே, வேற மேரி கீதேன்னு கேக்க மாட்ட?"

"அத்த, நீதான அவங்கள அனுப்ச்ச?"

"நான் கும்புட்டு ஒரு கரண்டி ஊத்தட்டும்னு அனுப்ச்சேன். ஊட்டுப் பானையவே புடுங்கிக் கவுக்கச் சொன்னேனா?"

சண்டை பெரிதாகும்போல இருந்தது. பூசாரி எழுந்து வந்தார். மெலிந்த மனிதர், பகலில் கம்பெனி கேன்டீனில் வேலை. துடுப்பை வாங்கி அவரே இரண்டு சுற்றுக் கிண்டினார். "ஊத்துனது ஊத்துனதுதான். அண்டாவுக்குள்ள போனப்பறம் உன்னுது என்னுதுன்னு எவனும் பேசாதீங்க. ஆத்தாவுக்கு இந்த வருசம் இனிப்பு வேணும்னு தோணிக்கிது. வரிசைய உடாதீங்க, ஊத்துங்க."

ஊற்றினார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தவர்கள் உண்டு. ஒரு தாத்தா, "பேத்தி கண்ணாலத்துல கூட எனக்கு இவ்ளோ இனிப்பு போடல," என்று சொம்பை மறுபடி நீட்டினார். சின்னப் பிள்ளைகள் இரண்டாம் தடவைக்கு ஓடினார்கள். அந்தக் கூட்டத்தில் எங்கள் தம்பியும் நின்றிருக்கிறான். வாயெல்லாம் கூழோடு ஓடிவந்து, "அம்மா, எங்கட தேங்காய்ச் சொட்டு ஒண்டு எனக்கே வந்திட்டுது!" என்று வாயைத் திறந்து காட்டினான். அம்மா அவனைப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. நடக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்தபோது இன்னொன்று காத்திருந்தது. அப்பா பாயை விட்டு எழுந்து தரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால், பலா இலைகள் அத்தனையும் கோலி, ஈர்க்குச்சி குத்தி, வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. காலையெல்லாம் முகம் திருப்பிப் படுத்திருந்த மனிதர். எங்களைக் கண்டதும் ஓர் இலைக்கோலியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அம்மா பானையை அவர் முன்னால் வைத்தார். அப்பா உள்ளே பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அடியில் ஒட்டியிருந்ததை அப்பா விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டார்.

"விடும்," என்றார் பிறகு. "அடுத்த ஆடிக்கு ஊரில…"

"அப்பிடிச் சொல்லாதேங்கோ." அம்மா கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "இனி என்னட்டை அப்பிடிச் சொல்லாதேங்கோ. அடுத்த ஆடி அடுத்த ஆடியெண்டு சொல்லிச் சொல்லி இந்த ஆடியும் போயிட்டுது. இருந்த பனங்கட்டியும் போயிட்டுது. இனி எதை வச்சு நான் காய்ச்சுறது?"

அப்பா கையிலிருந்த இலைக்கோலியைக் கீழே வைத்தார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாசலில் செருப்புச் சத்தம், அதற்கு முன்னாலேயே அத்தையின் குரல்.

"எந்திரிம்மா. உக்காந்துக்கினு அய்தா கூழு வந்துருமா? உன் கூழுல இன்னா இன்னா போட்ட, ஒன்னொன்னா சொல்லு. எங்கிட்ட இருக்கறது இருக்கு, இல்லாதது இல்ல."

அம்மா சொன்னார். அத்தை விரல் மடக்கிக் கேட்டார். பயறு கடையில் இருந்தது. தேங்காய் இருந்தது. மிளகு, சீரகம் சொல்லவே வேண்டாம். பனங்கட்டி?

"டீக்கடைக்காரிகிட்ட வெல்லம் இல்லியா? மண்ட வெல்லம். உன் ஊர்து மேரி இருக்காது. ஆனா இனிக்கும்."

அரிசி மாதான் சிக்கல். மாவு மில் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்தது. அத்தையிடம் கொஞ்சம் இருந்தது, அது முழுப் பானைக்குப் போதாது. அம்மன் கூழுக்கு அரைத்ததில் மிஞ்சிய கேழ்வரகு மாவுதான் டின் நிறைய இருந்தது. அம்மா அந்த டின்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குரக்கன் மா போட்டு ஆடிக்கூழோ?" என்றார் அப்பா. அவரும் எங்கள் பின்னால் கடைக்கு வந்திருந்தார். அதுவரை அந்தக் கடைப் படி ஏறாதவர்.

அம்மா ஒரு முடிவுக்கு வந்தவர் போல டின்னைத் திறந்தார். இருந்த அரிசி மாவை அளந்து போட்டார். அதில் பாதி அளவுக்குக் கேழ்வரகைப் போட்டார். கடையின் பெரிய அடுப்பு, அத்தையின் துடுப்பு. வெல்லம் கரைந்ததும் ருசி பார்த்து முகத்தைச் சுருக்கினார். "பனங்கட்டியின்ர காரம் இல்லை," என்று மிளகை இரண்டு மடங்கு இடித்துப் போட்டார். காலையில் வந்த வாசம் இல்லை அது. ஆனாலும் மிளகு ஏறியபோது ரோட்டில் போன லாரிக்காரர் ஒருத்தர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "இன்னாக்கா வாசன?" என்று கேட்டார்.

அப்பா மடித்த இலைகளை நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன். ஒரு விளக்கை ஏற்றி, பானையைக் கும்பிட்டுவிட்டு, அம்மா முதல் இலையை அத்தைக்கு நீட்டினார். அத்தை ஊதி ஊதிக் குடித்தார். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பாயசத்துக்கு சளி புடிச்ச மேரி கீது," என்றார். மிளகு தொண்டையில் ஏறி இருமினார். பிறகு இலையை நீட்டினார். "இன்னொரு தபா ஊத்து."

அம்மா சிரித்தார். கடல் தாண்டி வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்பா தன் இலையை எடுத்துக்கொண்டு ஒரு ஓரமாகப் போய் நின்று குடித்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. மூன்று தரம் வாங்கினார். ஷிப்டு முடிந்து வந்தவர்களுக்கும், லாரிக்காரருக்கும், காலையில் எங்கள் வாசலில் உட்கார்ந்து வாசம் பிடித்த அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து அவருக்கும் ஊற்றினோம். பானை காலியானது.

அப்பா அதற்குப் பிறகு 'அடுத்த ஆடிக்கு' என்ற வார்த்தையை எங்கள் வீட்டுக்குள் சொன்னதில்லை. வேப்பமரத்தடியில் மட்டும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மரத்தடிக்கு அது வேண்டியிருந்தது. பானையை அம்மா திருப்பிக் கொடுக்கவில்லை, அத்தையும் கேட்கவில்லை. ஒவ்வோர் ஆடி முதல் தேதியும் அத்தை வந்து முதல் இலையை வாங்கி இருமிவிட்டுப் போவார். இப்போது பெரியபாளையத்தில் மகன் வீட்டில் இருக்கிறார், சர்க்கரை வியாதி. "உங்கம்மா கூழுதான் வர வெச்சிச்சு," என்று டாக்டரிடமே சொல்லியிருக்கிறார்.

அடுத்த வருஷம் அரிசி மாவுக்குக் குறைவில்லை. ஆனாலும் அம்மா டின்னைத் திறந்து கேழ்வரகைச் சேர்த்தார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அதற்கடுத்த வருஷம் கேழ்வரகு இல்லாமல் காய்ச்சியபோது தம்பி, "இதென்னம்மா, தண்ணி மாதிரி இருக்கு?" என்றான். அதன் பிறகு நிறுத்தவே இல்லை.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா என்னோடு, இதே கும்மிடிப்பூண்டியில்தான். போன வருஷத்துக்கு முந்தின ஆடியில் நான் கூழ் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது கனடாவிலிருந்து அப்பாவின் தங்கை, என் மாமி, வீடியோவில் வந்தார். நான் போனை அடுப்புப் பக்கம் திருப்பிப் பானையைக் காட்டினேன்.

"என்ன மச்சாள், கூழ் இப்பிடிக் கறுத்துக் கிடக்கு?" என்று அம்மாவைக் கேட்டார். "குரக்கனே போட்டனீங்கள்? ஆடிக்கூழுக்கு ஆராவது குரக்கன் போடுவினமே? எங்கட அம்மா ஒருநாளும் போட்டதில்லை."

நான் வாயைத் திறந்தேன். அந்தக் கதையைச் சொல்லலாம் என்று. அம்மா முந்திக்கொண்டார்.

"உங்கட அம்மா போடமாட்டா. என்ர அம்மா போடுவா. சின்னனில இருந்தே நாங்கள் இப்பிடித்தான் குடிச்சனாங்கள். அதுதான் எங்கட வீட்டுப் பக்குவம்."

கரண்டியோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். பொய் சொல்கிறவர் முகம் எனக்குத் தெரியும், பிள்ளை வளர்த்தவள் நான். அம்மாவின் முகத்தில் அது இல்லை. தன் தாய் யாழ்ப்பாணத்து அடுப்படியில் குரக்கன் மாவைக் கரைப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பக்கம் மாமி முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தார். ஊரில் தாய் காய்ச்சிய கூழைக் கனடாவில் எத்தனை வருஷம் முயன்றும் கொண்டுவர முடியாதவர் அவர். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அப்ப, எவ்வளவு போடுவா உங்கட அம்மா?"

"ரெண்டு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு குரக்கன்," என்றார் அம்மா, யோசிக்காமல். "மிளகு கூடப் போடவேணும். அப்பதான் எடுபடும்."

போன ஆடிக்கு மாமி படம் அனுப்பியிருந்தார். வெளியே பச்சைப் புல்வெளி, மேசையில் பேரப்பிள்ளைகள், ஆளுக்கொரு காகிதக் கோப்பை. பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாக் கோப்பையிலும் கூழ் எங்கள் வீட்டு நிறத்தில் இருந்தது.